அக்கட்ட பாட்டு, இக்கட்ட நானு

உள்ளே ஒண்ணும் இருக்காதுங்கம்மிணி. நல்லாக் குனிஞ்சு பாருங்க. விக்கறதுக்குப் போன்ல படம் போட்டப்பவே மாடி வூட்டு ஷைனிகிட்டச் சொன்னேன், வெறும் ஸ்டீரியோப் பொட்டின்னு எழுதிப் போடு கண்ணு, பாடும்னு நெனச்சு ஆராச்சும் அத்தனை தூரம் வந்துருவாங்கன்னு. எழுதியிருந்தாளா? அப்பச் சரி. காப்பிக்கடையில அழகுக்கு வெக்கறதுன்னா உள்ளே என்ன இருந்தா என்ன. ரெண்டு பக்கமும் தேக்குங்க. முன்னாடி கண்ணாடியில மட்டும் ஓரத்துல ஒரு கீறல் இருக்குது. அது தொடச்சாப் போகாது.

வண்டி வர அரைமணி ஆகுமுங்களா? உக்காருங்க. காப்பி வெக்கறேன். வேண்டாமா? தண்ணியாச்சும் குடிங்க. நானு தனியா இருக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரரு ஆனைமலையில இருக்காரு, அவரு தம்பி வூட்ல. தை மாசம் கோயில் நோம்பிக்குன்னு போனாரு. இப்ப ஆவணி. வந்துருவாரு.

உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னுதானே கேட்டீங்க? நாந்தான் கழட்டினேன். ஆமாங்க, நானேதான். அப்பிடிப் பாக்காதீங்க. கணபதியில ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில இருபத்திரண்டு வருசம் போர்டுல ஈயம் வெச்சு ஒட்டுனவ நானு. ஒரு நாளைக்கு எம்பது போர்டு. வசந்தாமணி வெச்ச ஈயம் விட்டுப்போச்சுன்னு ஒரு போர்டு திரும்பி வந்ததில்லை. வேணும்னா அங்க ஆரையாச்சும் கேட்டுப் பாருங்க. கம்பெனியத்தான் மூடிட்டாங்க, ஆரைக் கேப்பீங்க.

அவரு நூல் மில்லுல இருந்தவரு. ஸ்பின்னிங். முப்பது வருசம் அந்த எரைச்சல்ல நின்னா காது என்னங்க ஆகும்? ஒரேயடியாப் போகலை. மொதல்ல குருவி சத்தம் போச்சு, அப்புறம் குக்கர் விசிலு, அப்புறம் நானு. அவரு மில்லை விட்டு வந்தப்ப, காதுகிட்ட வாயை வெச்சுக் கத்துனாத்தான் கேக்கும். கேம்ப்ல ஒரு மிசினு குடுத்தாங்க, காதுக்கு வெக்கறது. கரகரன்னு கத்துதுன்னு நாலாம் நாளே மேசைக்குள்ள போட்டுட்டாரு.

ஆனா பாட்டை மட்டும் விடலை. இந்த ஸ்டீரியோதான். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது. ரேடியோ, டேப்பு, மேல ரிகார்டு தட்டு வெச்சுப் போடறது, மூணும் ஒண்ணா. இத மடியில வெச்சுட்டு பஸ்ஸுல வந்தாராம். காது போகப் போக இதோட சத்தம் ஏறுச்சு. சன்னல் கம்பி அதிரும், தட்டுல வெச்ச டம்ளரு நகரும். கடைசியில ஒரு பக்கத்து ஸ்பீக்கர் கிழிஞ்சே போச்சு, டேப்பு சுத்தறது நின்னு போச்சு, ரேடியோ மட்டும் அலறும். மாடியில குடியிருக்கறது ஷைனி, ஆஸ்பத்திரி நர்ஸு. ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து பகல்லதான் தூங்கோணும். ஒரு நா கண்ணு ரெண்டும் செவந்து போய் எறங்கி வந்து, "அக்கா, நான் ஒண்ணும் சொல்லலை, ஆனா ஒரு வாரமா தூங்கலை"ன்னா. ஊசி போடற பொண்ணு, தூங்காம எப்பிடிங்க?

அப்பத்தான் யோசனை வந்துது. பெரிய ஹெட்போனா வாங்கிக் காதை மூடி மாட்டிவுட்டா? மாட்டிப் பாத்தோம். போன்ல இருந்து வர்ற சத்தம் அவரு காதுக்குப் பத்தலை. நடுவுல ஒரு ஆம்ப்ளிபையர் வேணும், சத்தத்தைத் தூக்கிக் குடுக்கறதுக்கு. அதுக்கு வேண்டிய சாமானெல்லாம் எங்க இருக்குதுன்னா, இதோ, இதுக்குள்ள இருந்துது.

கேக்கலீங்க. கேட்டா வுட மாட்டாரு. அவரு ஈரோட்டுல ஒரு சாவுக்குப் போயிருந்தாரு, ரெண்டு நாளு. நானு பின்பக்கத்து அட்டையைக் கழட்டினேன். உள்ள முப்பது வருசத்துத் தூசு, ஒரு பல்லி முட்டை. டிரான்ஸ்பார்மர் கல்லு மாதிரி நல்லா இருந்துது. எட்டுக்கால் ஐசி ரெண்டு எடுத்தேன், சத்தத்தைப் பெருக்கற சில்லு அது. கெப்பாசிட்டருல தலை வீங்குனதையெல்லாம் தள்ளிட்டு, மீதியை ஒவ்வொண்ணா மீட்டர்ல வெச்சுப் பாத்து முட்டை அட்டையில குழிக்கு ஒண்ணாப் போட்டு வெச்சேன். சத்தம் கூட்டிக் கொறைக்கற குமிழு, ரேடியோ டேப்பு மாத்தற குமிழு, ஹெட்போன் சொருகற சாக்கெட்டு, எல்லாமே இதோடதுதான். கம்பெனியில இருந்து கொண்டாந்த காலி ஸ்டெபிலைசர் பொட்டி ஒண்ணு கெடந்துது, அதுக்குள்ள எல்லாத்தையும் அடக்கிட்டேன். மொதல்ல ஒரே ஹம்மு. "ம்ம்ம்"னு. டிரான்ஸ்பார்மரைப் பக்கவாட்டுல திருப்பி வெச்சேன் பாருங்க, அடங்கிருச்சு. அந்த நிமிசம் எனக்கு இருந்த சந்தோசத்தை ஆருகிட்டச் சொல்ல? வூட்ல பூனை இருந்துது. அதுகிட்டச் சொன்னேன்.

அவரு வந்தாரு. இந்தப் பொட்டியைப் பாத்தாரு. உள்ள கையை வுட்டுப் பாத்தாரு, இப்ப நீங்க பாத்தீங்களே, அதே மாதிரி. "ரிகார்டு ஊசி மட்டும் புதுசு மாத்தியிருந்தேன்"னாரு. அவ்வளவுதான். கோவமே படலைங்க. நானு ஹெட்போனைக் காதுல மாட்டி சத்தத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டினேன். பாதியில கண்ணை மூடிட்டாரு. அப்புறம் முட்டியில விரல்ல தாளம் போட்டாரு. ஷைனி ஒறங்குனா. எல்லாருக்கும் நல்லதாப் போச்சு.

நல்லதாத்தான் போச்சு. ஆனா வூடு ஒரேயடியா அமைதியாப் போச்சுங்க. முன்னாடி பாட்டாச்சும் எனக்கும் கேட்டுட்டு இருந்துது. இப்ப அது அவரு காதுக்குள்ள மட்டும். நானு சமையக்கட்டுல, அவரு முன்ரூம்புல. சோறு போடறப்பப் போய்த் தோளைத் தொடுவேன், திரும்பிப் பாப்பாரு. அப்படி ஒரு மாசம்.

ஒரு நா முட்டை அட்டையைப் பாத்தேன். டேப்புல பதிவு பண்ணறதுக்கு ஒரு சின்ன மைக் இருந்துதுங்க, சுண்டைக்காய் அளவு. அது சும்மாக் கெடந்துது. மாத்தற குமிழுலயும் ஒரு எடம் காலி. எனக்கு அப்பிடியே மின்னுச்சு. மைக்கை இன்னொரு ஐசி வழியாக் குமிழுக்குக் கொண்டு போனேன். பன்னண்டடி ஒயரு, சமையக்கட்டுக் கதவு நெலவு வழியா முன்ரூம்பு வரைக்கும். குமிழை அக்கட்ட திருப்பினாப் பாட்டு, இக்கட்ட திருப்பினா நானு.

மொத நாளு அவரு கையைப் பிடிச்சுக் குமிழை இக்கட்ட திருப்பி வெச்சுட்டு, சமையக்கட்டுக்கு ஓடிவந்து மைக்கை வாய்கிட்ட வெச்சு மெதுவாக் கேட்டேன், "கேக்குதுங்களா?"ன்னு.

எட்டிப் பாத்தேன். மனுசன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சுட்டாரு. கதவுக்குப் பின்னால பாக்கறாரு. "வசந்தா, எங்க இருக்கறே?"

"இங்க. அடுப்புகிட்ட."

"பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி இருக்குது"ன்னாரு. சிரிச்சாரு. மேப்பல்லு ஒண்ணு விழுந்திருந்ததை நானு அன்னைக்குத்தான் கவனிச்சேன். "உன் கொரலு மாறவே இல்லை"ன்னாரு.

ஒரு வாரம் எப்பிடிப் போச்சுதுன்னே தெரியலைங்க. ரசத்துக்குப் புளி பத்துமா, மாடியில தண்ணி ஏறுச்சா, பூனை எங்க போயிருக்கும், எல்லாம் பேசுனோம். நீங்க சின்னவங்க, உங்களுக்குத் தெரியாது. காது கேக்காதவருகிட்டக் கத்தித்தான் பேசோணும். கத்திப் பேசறப்ப என்னத்தைப் பேச முடியும்? "சோறு!" "தண்ணி!" "கதவைச் சாத்துங்க!" அவ்வளவுதான். மனசுல இருக்கறதைக் கத்திச் சொல்ல முடியுங்களா? தெருவே கேக்கும். அதனால பல வருசமா நானு சோறு தண்ணின்னு மட்டுந்தான் பேசியிருக்கேன்.

அதுதான் எட்டாவது நாளு கேட்டுப்புட்டேன்.

எங்களுக்குக் கொழந்தை இல்லைங்க. அதை வுடுங்க. அவரு தம்பி பொண்டாட்டிக்கு வளைகாப்பு, ஆனைமலையில. இருபத்தாறு வருசமாச்சு. எல்லாரும் சந்தனம் பூசறாங்க. எம் முறை வந்துது. கிண்ணத்தை எடுத்துட்டேன். இவரோட அக்கா வந்து எங்கையில இருந்து கிண்ணத்தை வாங்கி, "நீ அக்கட்ட நில்லு"ன்னா. அத்தனை பொம்பளைக முன்னாடி. இவரு வாசப்படிகிட்ட வாழையெலைக் கட்டோட நிக்கறாரு. எல்லாம் பாத்தாரு, எல்லாம் கேட்டாரு. அப்பக் காது நல்லாத்தான் இருந்துது. ஒரு வார்த்தை பேசலை. எலைக்கட்டைக் குனிஞ்சு பாத்துட்டு நின்னாரு.

கேக்கோணும்னு நெனச்சேன், கேக்கோணும்னு நெனச்சேன், அதுக்குள்ள காது போயிருச்சு. இப்ப மைக்கு வந்துருச்சு. அடுப்பைச் சிம்முல வெச்சுட்டு, மெதுவா, கோவமே இல்லாமக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க ஏன் ஒரு வார்த்தை பேசலை?"

அவரு ஹெட்போனைக் கழட்டிக் கையில வெச்சுப் பாத்தாரு. மறுபடி மாட்டுனாரு. குமிழை அக்கட்ட திருப்பிட்டாரு.

சரி, கேக்கலை போலன்னு நெனச்சேன். அடுத்த நாளு மறுபடி கேட்டேன். மறுபடி திருப்பிட்டாரு. நானு சண்டைக்காரி இல்லீங்கம்மிணி, ஷைனியக் கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு கேள்விதான். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். காத்தால காப்பி குடுத்துட்டு இக்கட்ட திருப்பச் சொல்லுவேன், கேப்பேன், அவரு அக்கட்ட திருப்பிக்குவாரு. ஒரு மாசத்துல காப்பி வாங்கறப்பவே குமிழு மேல கையை வெச்சுக்குவாரு. பதில் சொன்னா முடிஞ்சுது. ஆமான்னா ஆமா, தப்புன்னா தப்பு. அதுக்கு எதுக்கு பாட்டுக்குள்ள போய் ஒளியறது? எனக்கு அந்தப் பாட்டு மேலயே வெறுப்பாப் போச்சு. கண்ணை மூடித் தாளம் போட்டுட்டு ஒக்காந்திருப்பாரு. என்னை வுட அது என்ன பெரிய பாட்டுன்னு இருந்துது.

பொங்கலு முடிஞ்சு நோம்பிக்குக் கெளம்பறப்ப ஆம்ப்ளிபையர் பொட்டியையும் ஹெட்போனையும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டாரு. நாலு நாள்ல வர்றேன்னாரு. மைக்கு ஒயரை மட்டும் சாக்கெட்டுல இருந்து பிடுங்கி, நல்லாச் சுருட்டி, அடுப்புத் திட்டு மேல வெச்சுட்டுப் போனாரு. பொறுப்பான மனுசன்.

நாலு நாளு நாலு மாசமாச்சு. அவரு தம்பி நடராசு போன் பண்ணுவாரு, "அண்ணன் நல்லா இருக்காரு அண்ணி, தோப்புல ஒக்காந்திருக்காரு, நீங்களும் வாங்க"ன்னு. நானு அந்த வூட்டுப் படி ஏறி இருபத்தாறு வருசம். ஆனாலும் வைகாசியில போனேன். ஆனைமலை பஸ்ஸுல ஒக்காந்துட்டு இந்தத் தடவை என்ன கேக்கோணும், எப்பிடிக் கேக்கோணும்னெல்லாம் யோசிச்சுட்டே போனேன். மைக்கைப் பையில வெச்சுத்தான் கொண்டு போனேன்.

தென்னந்தோப்புல கயித்துக் கட்டல்ல ஒக்காந்திருந்தாரு. காதுல ஹெட்போன், பக்கத்துல பொட்டி, கண்ணு மூடியிருக்குது. வீட்ல இருந்து ஒயரு இழுத்துக் கரண்டு குடுத்திருந்தாங்க. நானு முன்னால போய் நின்னேன். எத்தனை நேரம்னு தெரியலை. கண்ணைத் தொறந்தாரு. "எப்ப வந்தே? சாப்பிட்டியா?"ன்னாரு.

நானு பக்கத்துல ஒக்காந்து, ஹெட்போனை அவரு காதுல இருந்து எடுத்து எங்காதுல வெச்சேன். என்ன பாட்டு அப்பிடின்னு பாக்கலாம்னு.

ஒண்ணுமே வரலைங்க.

பாட்டுக்குன்னு வெச்சிருக்கற சிம் இல்லாத பழைய போன்ல பாட்டு ஓடுது. பொட்டியில சேப்பு லைட்டு எரியுது. குமிழு அக்கட்டதான் இருக்குது. சத்தத்தைக் கூட்டினேன், முழுசாக் கூட்டினேன். "ஷ்ஷ்"ங்கற சத்தம்கூட இல்லை. எங்காது நல்ல காதுங்க.

"பாட்டு வரலையே!" கத்தினேன். தோப்புல ஆரு இருக்கா, கத்தலாம்.

"அது வர்றதில்லை"ன்னாரு.

"எத்தனை நாளா?"

"தீவாளிக்கு முன்னாடியே நின்னு போச்சு."

தீவாளிக்கு முன்னாடின்னா, இங்க இருந்தப்பவேங்க. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. மூணு மாசத்துக்கு மேல எங்கண்ணு முன்னால ஒக்காந்து தாளம் போட்டிருக்காரு. நானு பேசறப்பெல்லாம் அக்கட்ட திருப்பினாரே, அக்கட்ட ஒண்ணுமே இல்லை. அதுக்கப்புறம் அங்க போய் நாலு மாசம். மைக்குப் பக்கம் மட்டும் நல்லாத்தான் வேலை செஞ்சுது, நானு பேசுனது அத்தனையும் கேட்டிருக்கும்.

எதுக்குங்க? ஒண்ணுமே கேக்காததை மாட்டிட்டு ஒரு மனுசன் எதுக்கு அத்தனை நேரம் ஒக்காந்திருக்கோணும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் பத்து நிமிச வேலை. பொண்டாட்டி கையில சால்டரிங் அயர்ன் இருக்குது, இருபத்திரண்டு வருசம் வேலை பாத்தவ. பழுதுன்னு சொல்லறதுக்கு என்ன கேடு? பஸ்ஸுல திரும்பி வர்றப்ப இதையேதான் நெனச்சுட்டு வந்தேன். அங்க அவருகிட்ட ஒண்ணும் கேக்கலை. கேக்கறதுக்குன்னு போனதையும் கேக்கலை. மைக்கு பையில அப்பிடியே இருந்துது. நடராசு பொண்டாட்டி சாப்பிட்டுப் போகோணும்னு கையைப் பிடிச்சா. அந்த வூட்ல ஒக்காந்து சாப்பிட்டேன். அவரு எதுத்தாப்பல ஒக்காந்து, எனக்கு மோர் ஊத்துனாங்களான்னு பாத்துட்டே இருந்தாரு.

பொட்டியை எடுத்துட்டு வந்துட்டேன். தொறந்து பாத்தா, போன் ஒயரு சொருகற சாக்கெட்டுல ஈயம் விட்டிருந்துது. எங்கையால வெச்ச ஈயம் விடாதுங்க. சாக்கெட்டு பழசு, தெனமும் சொருகிப் பிடுங்கி ஆடிப்போச்சு. அதுக்கு நானு என்ன பண்ணறது? சொரண்டி, புதுசா ஈயம் வெச்சேன். பாட்டு வந்துது. ஆனா அடியில லேசா ஒரு எரைச்சலு. எங்க இருந்து வருதுன்னு ஒவ்வொரு ஒயராத் தொட்டுப் பாத்தேன். ரெண்டு நாளாச்சு கண்டுபிடிக்க. மைக்குக்குப் போற ஒயருங்க. அது வழியாத்தான் எரைச்சலு உள்ள வருது. அதை வெட்டி எடுத்தேன். ஐசியையும் கழட்டுனேன். சுத்தமாயிருச்சு. அவ்வளவு சுத்தமான சத்தம் நானு கேட்டதில்லை. அதுக்காகத்தான் எடுத்தேன், வேற ஒண்ணுமில்லை. குமிழை எக்கட்ட திருப்பினாலும் பாட்டு வர்ற மாதிரி ரெண்டு பக்கத்தையும் சேத்து ஈயம் வெச்சுட்டேன்.

மூணு மாசம் இங்கயே கெடந்துது, நடராசு ஏதோ வேலையாக் கோயமுத்தூரு வந்தப்பக் குடுத்தனுப்புனேன். போன வாரம்.

முந்தாநாளு சாயங்காலம் போன் வந்துது. நடராசு நம்பரு. எடுத்தா இவரு கொரலு. அவரு போன்ல பேசி ஏழெட்டு வருசமாச்சுங்க, அந்தப் பக்கம் பேசறது கேக்காதே, என்னத்தைப் பேச.

"வசந்தா, பாட்டு வருது"ன்னாரு.

"வருதுங்களா"ன்னேன். அவருக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் வாய் சொல்லுது.

அப்புறம், "மைக்கை எடுத்துட்டயா?"ன்னாரு.

"எடுத்துட்டேன்"ன்னேன்.

"எதுக்கு எடுத்தே?"

எரைச்சலு வந்துது, அதனால எடுத்தேன்னு சொன்னேன். கத்தித்தான் சொன்னேன், ஷைனி மாடியில இருந்து எட்டிப் பாத்தா. அவருக்கு எங்க கேக்கப் போகுது? மறுபடியும் "எதுக்கு எடுத்தே"ன்னுதான் கேட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் பேசலை. அவரு வெச்சுருவாருன்னு பாத்தேன், வெக்கலை. நானும் வெக்கலை. அவரு மூச்சு வாங்கறது கேட்டுது. தோப்புல மயிலு ஒண்ணு அகவறது கேட்டுது, எனக்கு. அவருக்குக் கேட்டிருக்காது. போனைக் காதுல வெச்சுட்டு அங்க என்னத்தைக் கேட்டுட்டு இருந்தாரோ.

லைன் கட்டானப்ப நாலு நிமிசம் பன்னண்டு செகண்டு. போன்ல இன்னும் இருக்குதுங்கம்மிணி, இதோ, நீங்களே பாருங்க.